யாழ்ப்பாணம் தள்ளிவைத்த சுமைவண்டி

சைக்கிளில் சாமான் ஏற்றுவது பொருளாதாரத் தடைக் காலத்தோடு முடிந்துபோன விஷயம் என்பது இன்று யாழ்ப்பாணத்தில் அநேகமாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து. பலசரக்குக் கடைக்காரர் இரண்டு பெட்டி சோடாவை அடுத்த ஒழுங்கைக்கு அனுப்ப ஓட்டோ பிடிக்கிறார். தோட்டக்காரர் ஒரு சாக்குக் கத்தரிக்காயோடு சந்தைக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைக்கிறார். சாப்பாட்டுப் பொதி, மருந்து, பார்சல் எல்லாம் பெற்றோலில்தான் படலைக்கு வந்து சேர்கின்றன. நகரத்து நெரிசலைப் பற்றிக் கூட்டம் கூடினால் வீதி அகலிப்பையும் வாகனத் தரிப்பிடத்தையும் பேசிக் கலைகிறார்கள். கரியரில் பெட்டி கட்டிய சைக்கிளை யாராவது நினைவுபடுத்தினால், "திரும்பவும் அந்தக் காலத்துக்குப் போகச் சொல்லுறியளோ?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்குள் இருக்கும் வலியை நான் மதிக்கிறேன். அதிலிருந்து பிறந்த முடிவைத்தான் மறுக்கிறேன். சுமை ஏற்றும் சைக்கிளை எங்களுக்குத் தந்தது முற்றுகை என்று நினைக்கிறோம். தந்தது இந்தக் குடாநாட்டின் தரை, இங்குள்ள தூரம், இங்கு ஒரு வீட்டுக்கும் கடைக்கும் தேவைப்படும் சுமையின் அளவு. முற்றுகையோடு சேர்த்து அந்த வண்டியையும் கழித்துவிட்டதால் நட்டப்பட்டது யாழ்ப்பாணம்தான்.

வலியை முதலில் பேசிவிடுவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியலொன்று குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது அல்லது இறுக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் புகைந்தபடி கொஞ்சக்காலம் இழுத்துப் பார்த்தன. விறகு, நெல், தேங்காய், கிடுகு, மண்ணெண்ணெய்க் கான், காய்ச்சலில் கிடந்த பிள்ளை, பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண் எல்லாவற்றையும் சைக்கிள்தான் சுமந்தது. அதைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் மழையில் நெரிந்த சனத்துக்கு நடுவே மூட்டையும் முதியவரும் ஏற்றிய சைக்கிள்கள் அடி அடியாகத் தள்ளப்பட்டன. 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மறுபடி மூடப்பட்டபோது அதே சைக்கிளை மறுபடி துடைத்து எடுத்தார்கள்.

இவ்வளவையும் பட்டவர்களுக்குப் பாரம் கட்டிய சைக்கிளைப் பார்த்தால் நெஞ்சு கசப்பது இயல்பு. ஆனால் கசப்பு ஒரு வண்டியின் தகுதியை அளக்கும் கோல் ஆகாது. 1990 க்கு முன்பும் இங்கு மீனும் பாணும் பாலும் கள்ளும் மாட்டுக்குப் புல்லும் சைக்கிளில்தான் வீடுவீடாகப் போயின. கடைகளில் பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் போயின. தடை சைக்கிளைக் கண்டுபிடிக்கவில்லை. மற்ற எல்லா வண்டிகளும் நின்ற பிறகு, இந்த மண்ணில் எந்த வண்டி நிற்காது என்பதை அது காட்டியது. அந்தப் பாடத்தின் பெறுமதியை, அதைக் கற்ற விதம் கொடியது என்பதற்காக வீசிவிட முடியாது.

"அதெல்லாம் போர்க்காலம், இனி அப்படி வராது" என்றார்கள். 2022 இல் வந்தது. போர் இல்லை, தடை இல்லை. நாட்டில் டொலர் இல்லை, அவ்வளவுதான். ஜூன் 26 அன்று 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. அந்த மாதக் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். ஒரு லீற்றரில் 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளை வைத்துக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு 60 கிலோமீற்றர் ஓடிப் பொதி கொடுக்கும் ஒருவருக்கு அந்த 4 லீற்றர் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாலு நாள் அவர் வீட்டில் இருக்க வேண்டும், அல்லது கறுப்புச் சந்தையில் வாங்க வேண்டும். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் சைக்கிள்கள் மறுபடி நிறைந்தன. பழைய சைக்கிளுக்கும் விலை ஏறியது. பெற்றோல் திரும்பி வந்ததும் சைக்கிள்கள் திரும்பவும் கொட்டிலுக்குள் போயின. பதினாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அதே பாடம். முப்பத்திரண்டு ஆண்டுக்குள் மூன்று முறை.

இனி, சுமைச்சைக்கிளின் காலம் முடிந்தது என்ற கருத்தின் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

சைக்கிளில் எவ்வளவு பாரம்தான் ஏற்றலாம் என்பது முதற் கேள்வி. விடை எங்கள் ஒழுங்கைகளிலேயே நடமாடுகிறது. காலையில் வரும் மீன்காரரின் சைக்கிளைக் கிட்ட நின்று பாருங்கள். கடையில் வாங்கிய கரியரைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டம் வெல்டிங் பண்ணி அகலமான கரியர் போட்டிருப்பார். அதன்மேல் மரப்பெட்டி அல்லது றெஜிபோம் பெட்டி. பழைய ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி, அதை இழுத்து நாலு மூலையிலும் கட்டியிருப்பார். கயிறு குலுக்கலில் தளரும். ரியூப் கீலம் தளராது. பெட்டியின் மூடி வெட்டுப்பலகையாகவும் பயன்படும். பக்கத்தில் தராசும் கத்தியும். பின்சில்லின் இரண்டு பக்கமும் தரையில் அகலமாக ஊன்றும் இரட்டைக்கால் ஸ்ராண்ட், முழுப் பாரத்தோடு நிறுத்தினாலும் வண்டி சாயாதபடி. இது யாரும் படம் வரைந்து கொடுத்த வடிவமைப்பு இல்லை. கடற்கரையிலிருந்து படலை வரை தினமும் ஓடி, உடைந்த இடத்தைத் திருத்தி, சாய்ந்த இடத்தைத் தாங்கி, தலைமுறையாகத் தேறிய வண்டி.

இதே தேவைக்கு வேறு நாடுகளில் வேறு வடிவம் கண்டார்கள். டென்மார்க்கில் முன்பக்கம் இரண்டு சில்லுகளுக்கிடையே பெரிய பெட்டி வைத்த மூன்று சில்லுச் சைக்கிள் 1984 இல் கிறிஸ்ரியானியா என்ற குடியிருப்பில் செய்யப்பட்டுப் பெயர்பெற்றது. நெதர்லாந்தில் முன்பெட்டிச் சைக்கிள் பாண் விற்றவர்களின் வண்டியாகத் தொடங்கி, இன்று பிள்ளைகளைப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோகும் குடும்ப வண்டியாகிவிட்டது. இந்த வகை வண்டிகள் 80 முதல் 100 கிலோ வரை சாதாரணமாக ஏற்றும். பாரம் சில்லுகளுக்கு நடுவே, தரைக்குக் கிட்ட இருப்பதால் ஆட்டம் குறைவு. எங்கள் மீன்காரரின் பெட்டி பின்பக்கம் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பாரத்தைக் கீழே இறக்கி முன்னுக்குக் கொண்டுவந்தால் அதுவே அந்த வண்டி. யாழ்ப்பாணத்து வெல்டிங் பட்டறை எதற்கும் இது முடியாத வேலை இல்லை.

ஒரு வீட்டுக்கு வரும் சாமானின் நிறையையும் எண்ணிப் பாருங்கள். எரிவாயு சிலிண்டரில் 12.5 கிலோ வாயு. இரும்போடு சேர்த்தால் அதன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். மாதத்து அரிசி 20, 25 கிலோ. மருந்துப் பொதி அரைக் கிலோ. சாப்பாட்டுப் பொதி ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவைக் கொண்டுவர நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டார் சைக்கிளும், ஒரு பார்சலைக் கொண்டுவர முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஓட்டோவும் எங்கள் ஒழுங்கைக்குள் வருகின்றன. பாரம் ஏற்ற முடியாதது சைக்கிள் என்று சொல்வதற்கு முன், இன்று ஏற்றப்படும் பாரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு வேகம். காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் போட்டி வைத்தால் சைக்கிள் தோற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றாடச் சாமான் அவ்வளவு தூரம் போவதில்லை. யாழ் நகரிலிருந்து திருநெல்வேலிச் சந்தை நாலு கிலோமீற்றருக்குள். மானிப்பாய் ஏழு, எட்டு. சுன்னாகம் ஏறக்குறைய பத்து. ஊருக்குள் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோமீற்றர்தான். இந்தத் தூரத்தில் மோட்டார் சைக்கிள் மிச்சம் பிடிப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடமும் எங்கே போகிறது என்று பொதி கொண்டுவரும் பொடியனைக் கேளுங்கள். கஸ்தூரியார் வீதியிலும் வைத்தியசாலை வீதியிலும் நிறுத்த இடம் தேடுவதில் போகிறது. இலக்கம் எழுதாத வீட்டைக் கண்டுபிடிப்பதில் போகிறது. படலையில் நின்று கூப்பிட்டு, நாய்க்குப் பயந்து, மிச்சக் காசு கொடுத்து வருவதில் போகிறது. வீதியில் ஓடும் நேரத்தை விட வாசலில் நிற்கும் நேரம்தான் இந்த வேலையைத் தீர்மானிக்கிறது.

லண்டனில் இதை அளந்தே பார்த்தார்கள். வெஸ்ட்மின்ஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சைக்கிள் விநியோக நிறுவனத்தின் பயணங்களை வான்களோடு ஒப்பிட்டது. நகர மையத்தில் வான் மணிக்கு 6 பொதி கொடுத்த இடத்தில் சுமைச்சைக்கிள் 10 பொதி கொடுத்தது. யாழ்ப்பாணம் லண்டன் இல்லை, இங்கு சைக்கிளுக்குப் போட்டி வான் இல்லை, மோட்டார் சைக்கிள் என்று சொல்வீர்கள். சரி. ஆனால் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டும் பையில் நாலைந்து பொதிதான் அடங்கும். முன்பெட்டிச் சைக்கிளில் இருபது பொதி அடங்கும். நாலு தரம் கடைக்குத் திரும்பி ஓடுபவரையும், ஒரே தரம் ஏற்றிக்கொண்டு நல்லூரையும் கோண்டாவிலையும் ஒரு சுற்றில் முடிப்பவரையும் ஒப்பிட்டால், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கேள்வி தானாக உதிர்ந்துவிடும். இந்தக் கணக்கை மும்பையில் சாப்பாட்டுப் பெட்டி சுமப்பவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக அறிவார்கள். ரயிலும் சைக்கிளும் தள்ளுவண்டியும் கொண்டு, இந்தியாவின் மிக நெரிசலான நகரங்களில் ஒன்றில் அவர்கள் நேரம் தவறாமல் சோறு கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, வெயிலும் மழையும். இதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஏப்ரல், மே மாத மதியத்தில் யாழ்ப்பாணத்து வீதியில் பாரத்தோடு சைக்கிள் மிதிக்கச் சொல்வது கொடுமை. ஆனால் எந்தச் சாமான் மதியத்தில் போக வேண்டியிருக்கிறது? மீனும் மரக்கறியும் பாலும் பாணும் விடியற்காலையில் போகின்றன. கடைச் சாமானை நாலு மணிக்குப் பிறகு கொடுக்கலாம். மதிய வெயிலில் வேலையை நிறுத்துவது இந்த மண்ணின் தோட்டக்காரர் பரம்பரையாகச் செய்துவருவது. மழையைப் பொறுத்தவரை, எங்கள் மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் பெய்து தீர்கிறது. அந்தக் கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் போகிறவரும் நனைந்துகொண்டுதான் போகிறார்.

உண்மையான தடை ஒன்று உண்டு. சைக்கிளைப் பழிப்பவர்கள் அதைச் சொல்வதே இல்லை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள். இங்கு ஏற வேண்டியது காற்றை. சோழகம் வீசும் மாதங்களில் பருத்தித்துறையிலிருந்து வல்லைவெளியால் யாழ்ப்பாணம் நோக்கி மிதித்தவர்களுக்கு அது தெரியும். பண்ணைப் பாலத்தில் தீவுப்பகுதிக்குப் போனவர்களுக்கும் தெரியும். கணக்கும் அதையே சொல்கிறது. 65 கிலோ மனிதர், 30 கிலோ வண்டி, 80 கிலோ பாரம். சமதரையில், காற்றில்லாத நேரத்தில், மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறத்தாழ 60 வாற் வலு போதும். ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடிய அளவு அது. மணிக்கு 15 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அந்த மேலதிகத்தைத்தான் இன்று சைக்கிளில் பொருத்தும் சிறிய மின்மோட்டார் தாங்குகிறது. ஐரோப்பாவில் அதற்கு அனுமதிக்கப்பட்ட வலு 250 வாற். வல்லைவெளிக்கு அது போதும்.

இங்கே நான்காவது எதிர்ப்பு வரும், அது எல்லாவற்றிலும் மதிக்கத்தக்கது: மனிதரை மாடாக்கலாமா? தமிழ்நாட்டில் மனிதரை மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவை 1973 இல் அரசு ஒழித்தது. அது சரியான காரியம். அந்த நியாயத்தை இங்கும் பொருத்தச் சொல்வார்கள். பொருத்திப் பார்ப்போம். கைரிக்‌ஷா ஒழிந்தபோது இழுத்தவர்களின் கைக்கு வந்தது சைக்கிள் ரிக்‌ஷா. பிழை கருவியில் இருந்தது, உழைப்பில் இல்லை. இன்றும் அதே அளவுகோல்தான். கியர் இல்லாத, பிறேக் பிடிக்காத, இருபது வருடப் பழைய சைக்கிளில் இரண்டு மூட்டையை ஏற்றி ஒருவரைத் தள்ளவிடுவது கொடுமை. கியரும் நல்ல பிறேக்கும் தாழ்ந்த பெட்டியும் மின்மோட்டாரும் உள்ள வண்டியில், நிறைக்கு வரம்பு வைத்து, நியாயமான சம்பளத்துக்கு ஒருவர் மிதிப்பது மரியாதையான தொழில். நாள் முழுவதும் வெயிலில் மோட்டார் சைக்கிளில் இருந்து, முதுகு நோக, பொதிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, விபத்துக்குப் பொறுப்பேற்பார் எவருமில்லாமல் ஓடும் இளைஞரை நாம் மாடு என்று சொல்வதில்லை. ஆனால் அவர் நிலை அதைவிட மேலானது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

அவருடைய வருமானத்தைப் பாருங்கள். 2025 இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி நின்றது. நாளுக்கு 60 கிலோமீற்றர், லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்றால் தினம் 400 ரூபாய். மாதம் 26 நாள் வேலை செய்தால் 10,400 ரூபாய் எரிந்து போகிறது. அதற்கு மேல் லீசிங் கட்டணம், ஒயில், ரயர், காப்புறுதி, வருட வரிப்பத்திரம். 2009 க்குப் பிறகு குடாநாட்டின் ஒவ்வொரு சந்தியிலும் லீசிங் கொம்பனிகள் முளைத்ததையும், தவணை தவறிய மோட்டார் சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு போனதையும் அறியாதவர் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது 2025 இல்தான் திறந்தது. இடையில் பழைய மோட்டார் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கடனில் வாங்கிய இயந்திரமும், கடல்கடந்து வரும் எரிபொருளும் ஒரு ஏழையின் தொழிலுக்கு அத்திவாரமாக முடியுமா?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சும். அதை எவரும் கூட்டங்களில் சொல்வதில்லை, ஆனால் எல்லா எதிர்ப்புக்கும் அடியில் கிடப்பது அதுதான்: கௌரவம். பாரம் கட்டிய சைக்கிளை இங்கு மிதித்தவர்கள் யார்? மீன் விற்றவர், கள்ளு இறக்கியவர், விறகு வெட்டியவர், பழைய இரும்பு சேர்த்தவர். அந்த வண்டியைப் பார்த்து வரும் இளக்காரம், அதை மிதித்தவரின் சாதியையும் வறுமையையும் பார்த்து வந்த இளக்காரம். அதைத்தான் "நவீனம்", "அபிவிருத்தி" என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம். மகன் வாத்தியாராகலாம், கிளாக்கராகலாம், வெளிநாட்டுக்குப் போய்க் கோப்பை கழுவலாம். ஊரில் பெட்டிச் சைக்கிள் மிதிக்கக்கூடாது. அவன் போய்ச் சேரும் கோப்பன்ஹேகனிலோ அம்ஸ்ரர்டாமிலோ வைத்தியரும் ஆசிரியரும் பெட்டிச் சைக்கிளில் பிள்ளையை இருத்தி, மரக்கறியும் வாங்கிக்கொண்டு போவதைத் தினமும் காண்கிறான். அங்கே அந்த வண்டி படித்தவரின் வண்டி. யாழ்ப்பாணத்துக்கு வரும்போது மட்டும் அது ஏன் இழிவாகிறது? இழிவு இரும்பில் இல்லை. எங்கள் பார்வையில் இருக்கிறது. அதை மாற்றாமல் எந்த வீதியை அகலித்தும் பயனில்லை.

வீட்டுப் பயணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தென்னாசியாவில் பெண்கள் இவ்வளவு சாதாரணமாகச் சைக்கிள் ஓடும் ஊர்கள் அதிகம் இல்லை. பாடசாலைக்கும் ரியூசனுக்கும் கந்தோருக்கும் வைத்தியசாலைக்கும் அம்மாமாரும் ஆசிரியைகளும் மாணவிகளும் ஓடிய சைக்கிள், யாரையும் கெஞ்சாமல் வெளியே போய்வரும் உரிமையை அவர்களுக்குத் தந்தது. அந்தச் சைக்கிளின் குறை ஒன்றுதான்: ஒரு பிள்ளை, ஒரு கூடை சாமான், அதற்கு மேல் இடமில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஸ்கூட்டி தேவைப்பட்டது; ஸ்கூட்டி வாங்க முடியாதவர் ஓட்டோவுக்குக் காசு கொடுத்தார். கரியரை நீட்டி, இரண்டு பிள்ளைகளுக்கு இருக்கையும் கால்மிதியும் சில்லுக்கு மறைப்பும் வைத்துச் செய்த சைக்கிள் அந்தக் குடும்பத்தின் தேவையைத் தீர்க்கும்.

"மின்சார ஓட்டோ வரப்போகிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும். பாரமான வேலைகளுக்கு அது நல்லது. ஆனால் அதன் பற்றரி 7, 8 கிலோவாற் மணி அளவு. சுமைச்சைக்கிளின் பற்றரி அரைக் கிலோவாற் மணி. ஒரு ஓட்டோவின் பற்றரிக்குச் செலவாகும் டொலரில் பத்துப் பன்னிரண்டு சைக்கிளுக்குப் பற்றரி வாங்கலாம். கூரையில் வைத்த ஒரு சூரியத் தகடு சைக்கிளின் பற்றரியை நிரப்பிவிடும். பற்றரி செத்தாலும் சைக்கிள் ஓடும், ஓட்டோ ஓடாது. ஒழுங்கையில் எதிரெதிரே இரண்டு ஓட்டோ வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். அது பெற்றோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் ஒன்றுதான்.

நான் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வீண் வாதம் வரக்கூடாது. சீமெந்தையும் கம்பியையும் சைக்கிளில் ஏற்றச் சொல்லவில்லை. தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோகும் லொறியையும், கொழும்புக்கு ஐஸ் போட்டு மீன் கொண்டுபோகும் லொறியையும் நிறுத்தச் சொல்லவில்லை. கொடிகாமத்துத் தேங்காய் மொத்தமாகப் போக வேண்டிய வண்டியில் போகட்டும். குடாநாட்டுக்குள், ஊருக்குள், ஐந்து கிலோமீற்றருக்குட்பட்ட, நூறு கிலோவுக்குட்பட்ட சுமையைத்தான் கேட்கிறேன். நாளாந்தம் எங்கள் வீடுகளுக்கு வரும் சாமானில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. யாழ் மாநகரசபை நவீன சந்தை, பெரிய கடை, பஸ் நிலையம் ஆகிய இடங்களில் சுமைச்சைக்கிளுக்கென்று நிழலோடு கூடிய இலவச நிறுத்துமிடம் ஒதுக்கலாம்; காலையில் சில மணி நேரம் அந்த வீதிகளில் சாமான் இறக்கும் முன்னுரிமையைச் சைக்கிளுக்குக் கொடுக்கலாம். வலிகாமத்துப் பிரதேச சபைகள் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் அதையே செய்யலாம். பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி ஆகியவற்றின் ஓரம் வாகனம் நிறுத்தும் இடமாகிவிடாமல் சைக்கிளுக்கு விடப்பட வேண்டும். வேம்பும் பூவரசும் அந்த ஓரத்தில் நட்டால் வெயில் என்ற வாதமும் பாதி குறையும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. மீன்காரரையும் பட்டறைக்காரரையும் கூட்டி வைத்து, எங்கள் காற்றுக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் பொருந்தும் முன்பெட்டிச் சைக்கிள் ஒன்றை அவர்களால் செய்து தர முடியும். பணத்துக்கு லீசிங் கொம்பனி வேண்டாம். வடக்கில் கூட்டுறவு இயக்கம் எத்தனையோ அழிவுகளைத் தாண்டி நிற்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் சில சுமைச்சைக்கிள்களை வாங்கி, ஊர்ப் பொடியன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் மாதச் சம்பளத்தோடு வேலை கொடுத்து, கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான சாமான் போக்குவரத்தைத் தானே நடத்தலாம். அப்போது பெற்றோலுக்கு எரிந்த காசு ஊருக்குள்ளேயே கூலியாகச் சுழலும்.

கடைக்காரர்களிடம் தனியாகக் கேட்கிறேன். உங்கள் கடையிலிருந்து ஒரு கிழமைக்குப் போகும் பொதிகளின் தூரத்தையும் நிறையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஐந்து கிலோமீற்றருக்குள் போனவை எத்தனை, ஓட்டோவுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பிறகு ஒரு நல்ல சுமைச்சைக்கிளுக்கும் அதை ஓட ஒருவரின் சம்பளத்துக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கம் கூட என்று உங்களுக்கே தெரியும். வாடிக்கையாளராக இருக்கும் எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. சைக்கிளில் சாமான் கொண்டுவரும் பிள்ளைக்குப் படலையில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்ப வேண்டும். ஒரு தொழிலின் மதிப்பு அங்கிருந்துதான் உயரும்.

1990 இலும் 2006 இலும் 2022 இலும் பெற்றோல் நின்றது; சைக்கிள் நிற்கவில்லை. மூன்று முறையும் வேறு வழியில்லாததால் அதைத் தூக்கினோம், வழி கிடைத்ததும் கீழே வைத்தோம். இந்தத் தரம் நெருக்கடி இல்லாத காலத்தில், யோசித்து, வீதியும் பட்டறையும் சங்கமும் ஒழுங்கு செய்து, அதைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதற்கு இன்றைக்கு யாருடைய அனுமதியும் எங்களுக்குத் தேவையில்லை.